பிரெஞ்சு பேச ஒரு கூட்டாளி தேவை

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தேயிலை, வாசனைத் திரவியம், கம்பளி உடுப்பு, நினைவுப் பொருள் என்று கடை நடத்தும் நம்மவர்களுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வருகின்ற வெள்ளைக்காரருக்கு அது போதும் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் 'வெள்ளைக்காரர்' என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்ற கூட்டத்தில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. 2018ஆம் ஆண்டில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் இலங்கைக்கு வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா, அதன் பின் 2022இன் எரிபொருள் வரிசை என்று எல்லாம் விழுந்து எழும்பிய பிறகும் அவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை என்ற பாவாத மலை, தேயிலைத் தொழிற்சாலை ஆகிய மூன்றையும் தேடி வருபவர்கள் எப்படியும் நம் கடைத்தெருவைத் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

அவர்கள் கடைக்குள் வரும்போது யார் பேசுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் அவதானியுங்கள். பிரெஞ்சு தெரிந்த வழிகாட்டி பேசுகிறார். கடைக்காரர் சிரிக்கிறார், பொதியைக் காட்டுகிறார், கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டுகிறார். எந்தத் தேயிலை நல்லது என்று சொல்பவர் வழிகாட்டி. விலை நியாயமானது என்று சொல்பவரும் அவரே. அதற்குரிய கொமிஷன் பின்னால் கைமாறுகிறது. இதை நான் குற்றம் என்று சொல்லவரவில்லை. ஆளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியவருக்கு ஒரு பங்கு கொடுப்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். ஆனால் நம் சரக்கைப் பற்றிப் பேசும் வாயையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டால் பங்கு எவ்வளவு என்பதை அவர்தானே தீர்மானிப்பார்? தனியாக முச்சக்கர வண்டியில் வந்து இறங்கும் பிரெஞ்சுத் தம்பதிக்கு முன்னால் அந்தக் கடை ஊமையாக நிற்கிறதே, அந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இந்தக் காரணத்துக்காகத்தான் நான் ஐம்பதை நெருங்கும் வயதில் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினேன். புத்தகம் வாங்கினேன். பிரெஞ்சு வானொலியான ஆர்.எஃப்.ஐ. 2001இல் தொடங்கிய, இலகு பிரெஞ்சில் தினமும் பத்து நிமிடம் செய்தி சொல்லும் நிகழ்ச்சியைக் கைத்தொலைபேசியில் கேட்டேன். கண்டியிலும் கொழும்பு பார்ன்ஸ் பிளேசிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையங்கள் இருக்கின்றன. நேரம் உள்ளவர்கள் அங்கே முறையாகப் படிப்பதே சிறந்தது. ஹட்டனில் இருந்து கண்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும், கடையைப் பூட்டவேண்டும் என்பதுதான் என்னைப் போன்றவர்களின் சிக்கல். புத்தகத்தில் வாசித்தது கண்ணில் நிற்கிறது, காதில் கேட்டது காதில் நிற்கிறது, நாக்குக்கு ஒன்றும் வருவதில்லை. பேசினால்தான் பேச்சு வரும். அதற்கு எதிரில் ஒருவர் வேண்டும். மலையகத்தில் அந்த ஒருவரை எங்கே தேடுவது?

முதலில் கண்ணில் படுபவர் வழிகாட்டிதான். வானை நிறுத்திவிட்டு வெளியே காத்திருக்கும் நேரத்தில் ஒரு தேத்தண்ணி கொடுத்துப் பேசிப் பார்க்கலாம். நல்லவர்கள் நாலு வார்த்தை சொல்லித் தருவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் பேசப் பழகினால் அவருடைய தேவை குறையும். தன் பிழைப்பைக் குறைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்கும்படி ஒருவரிடம் கேட்பது நியாயமில்லை.

அடுத்தவர் வாடிக்கையாளர். விடுமுறைக்கு வந்தவரைப் பிடித்துவைத்துப் பாடம் கேட்கக்கூடாது. ஐந்து நிமிடம் போதும், அதுவும் அவர் விரும்பினால் மட்டும். அது பயிற்சியல்ல, பரீட்சை. பயிற்சி வேறு இடத்தில் நடக்கவேண்டும்.

வேறு இடம் எது என்பதற்கு ஐரோப்பாவிலேயே ஒரு நல்ல முறை பிறந்தது. இரண்டு உலக யுத்தங்களில் மோதிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் உடன்படிக்கை செய்து, இளைஞர் பரிமாற்றத்துக்கென்று ஒரு கூட்டு நிறுவனத்தையும் ஏற்படுத்தின. அந்த இளைஞர் சந்திப்புகளில் வளர்ந்த முறைக்குப் பெயர் 'டாண்டம்'. இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளுக்கு உள்ள பெயர் அது. ஒருவருக்கு மற்றவருடைய மொழி வேண்டும். பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்றது. யாரும் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை, யாரும் இனாமாகவும் செய்வதில்லை. வியாபாரிக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. பண்டமாற்று. ஆகவே 'எனக்கு யார் பிரெஞ்சு பேசித் தருவார்?' என்பது பிழையான கேள்வி. 'என்னிடம் உள்ள எது, பிரெஞ்சு பேசும் ஒருவருக்குத் தேவை?' என்று கேட்கவேண்டும்.

நம்மிடம் தமிழ் இருக்கிறது. பாரிஸில் அதற்குக் கிராக்கியும் இருக்கிறது.

பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகில் லாச்சப்பல் என்று நம்மவர்கள் சொல்லும் பகுதி, 1980களில் இருந்து இலங்கைத் தமிழர்கள் சென்று குடியேறியதால் தமிழ்க் கடைத்தெருவாகவே மாறிவிட்டது. போனவர்களின் பிள்ளைகள் அங்கே பிறந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பிரெஞ்சு அவர்களுக்குத் தண்ணீர். தமிழ் காதில் விழும், வாயில் வராது. தாய் தமிழில் கேட்பார், பிள்ளை பிரெஞ்சில் பதில் சொல்லும். மலையகத்தில் எத்தனையோ பேருக்கு பிரான்ஸில் உறவினர் இருக்கிறார்கள். உங்களுக்கு இல்லாவிட்டால் உங்கள் கடைக்குச் சாமான் தருபவருக்கு இருப்பார்கள்.

எனக்கு அப்படித்தான் கிடைத்தது. தேயிலைக்கு அட்டைப்பெட்டி செய்து தருபவரிடம் ஒருநாள் இந்தப் பேச்சை எடுத்தேன். "நானா, என் தங்கச்சி மகன் இருக்கான், பதினாறு வயசு, பிரெஞ்சு விழுந்து விழுந்து பேசுவான். ஆனா அம்மாயிகிட்ட போன்ல ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறான்" என்றார். அம்மாயி மஸ்கெலியா பக்கம் தோட்டத்தில், லயனில் இருக்கிறார். கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். பேரன் வணக்கம் சொல்லிவிட்டுத் தாயிடம் போனைக் கொடுத்துவிடுவானாம். அந்த வீட்டிலும் ஒரு நட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

பையனின் தாயுடன் பேசி ஒழுங்கு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை, நமக்கு இரவு எட்டரை. பாரிஸில் கோடை காலத்தில் பிற்பகல் ஐந்து மணி, குளிர்காலத்தில் நாலு மணி. (அங்கே வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவதால் வித்தியாசம் மூன்றரை மணித்தியாலமாகவும் நாலரையாகவும் மாறும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.) தாய் வீட்டில் இருக்கும்போது மட்டுமே பேச்சு. இருபது நிமிடம் தமிழ், இருபது நிமிடம் பிரெஞ்சு, கடிகாரம் வைத்து. இடையில் ஆங்கிலம் வரக்கூடாது. ஆங்கிலம் புகுந்தால் இருவருக்கும் இலகுவாகிவிடும், இருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தம் சொல்லி ஆளை மடக்குவதில்லை என்றும் பேசிக்கொண்டோம். முடிவில் மூன்று திருத்தம் மட்டும்.

பேச ஆரம்பித்த முதல் வாரமே ஒரு சங்கதி புரிந்தது. பிரெஞ்சில் நம்மைப் போலவே 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு உண்டு. ஒன்று 'தூ', மற்றது 'வூ'. ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ'வை வைத்துக்கொண்டு அவதிப்படுவதை விட நமக்கு இது சுகம். ஆனால் பையன் என்னை 'தூ' என்றான். தாய் என்னை மாமா என்று கூப்பிடச் சொல்லியிருந்ததால், மாமா என்றால் வீட்டு ஆள், வீட்டு ஆளுக்கு அங்கே 'தூ'தான். தாய் தகப்பனையே அப்படித்தான் சொல்கிறார்கள். அதே பழக்கத்தில் தமிழிலும் "மாமா, நீ சாப்பிட்டியா?" என்றான். அம்மாயியிடம் அவன் பேசத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பிறகு தோன்றியது. ஏதாவது சொல்லப்போய் ஏச்சு வாங்கியிருப்பான். "நீங்க" என்ற ஒரு சொல்லைப் பழக்க மூன்று ஞாயிறு பிடித்தது. பதிலுக்கு, கடைக்கு வருபவரிடம் எப்போதும் 'வூ' என்று பேசவேண்டும் என்பதை அவன் எனக்கு மண்டையில் அடித்துச் சொன்னான்.

அதன் பின் ஒரு விளையாட்டு. அவன் வாடிக்கையாளர், நான் கடைக்காரன். 'போன்ஜூர்' சொல்லாமல் நான் பொருளைக் காட்டத் தொடங்கினால் அவன் பேச மறுத்துவிடுவான். பிரான்ஸில் கடைக்குள் நுழையும்போது இரு தரப்பும் போன்ஜூர் சொல்வது முதல் மரியாதை. அது இல்லாமல் பேச்சைத் தொடங்குவது முகத்தில் அறைந்ததற்குச் சமம். நாம் நல்ல மனதோடு "கம், கம், லுக்" என்று அழைப்பது அவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். 'போன்ஜூர் மதாம்', 'போன்ஜூர் முஸ்யு', பிறகு ஒரு மூச்சு அமைதி. அவர் 'ஜு ரெகார்த்' என்றால் சும்மா பார்க்கிறேன் என்று பொருள். விட்டுவிட வேண்டும்.

பையன் கேட்ட இன்னொரு கேள்வி: 'செ பியோ?' உயிரியல் பாடமோ என்று திகைக்காதீர்கள். பிரெஞ்சில் 'பியோ' என்றால் இரசாயனம் சேர்க்காமல் வளர்த்தது. தேயிலை, மிளகு, கறுவா எதைத் தொட்டாலும் இந்தக் கேள்வி வரும். சான்றிதழ் உள்ள பொதி இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் 'நோன்' என்று சொல்லிவிடுங்கள். அவர்களில் பலர் பால் சேர்க்காமல் குடிப்பவர்கள். ஆகவே சாயம் மட்டும் பேசும் நமது தூள் தேயிலைப் புகழாரத்தை விட, பெரிய இலையின் வாசம் பற்றிச் சொல்லப் பழகுவது பலன் தரும். தேயிலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தே'. அவ்வளவுதான். நமது 'தேத்தண்ணி'யில் இருக்கும் அதே 'தே'. சீனாவின் ஃபூஜியன் கரையோரத்தில் இருந்து கப்பலேறிய ஒரே சொல் இரண்டு மொழிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சொற்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் கடைக்கு 'மகஸான்', அது அரபியின் மக்ஸன், மகாஸின் என்பதில் இருந்து போனது. விலைப்பட்டியலுக்கு 'தரிஃப்', அது தஃரீஃப். சுங்கத்துக்கு 'துவான்', அது தீவான். சீனிக்கு 'ஸுக்ர்', பருத்திக்கு 'கொத்தோன்', அவை ஸுக்கரும் குத்னும். வியாபாரச் சொற்களில் பாதியை அரபு வணிகர்கள் மத்தியதரைக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். உச்சரிப்பிலும் நமக்கு ஒரு சலுகை உண்டு. எல்லோரையும் திணறடிக்கும் பிரெஞ்சு 'ர' தொண்டையில் இருந்து வருவது. மத்ரஸாவில் 'கைன்' எழுத்தை (ஐன் அல்ல, அதற்கு மேலே புள்ளி வைத்தது) ஒழுங்காக ஓதப் பழகியவருக்கு அது ஏறக்குறையக் கைவசம் உள்ள ஒலி. நமக்குப் புதியது அவர்களுடைய 'உ' ஒன்றுதான். வாயை 'ஊ' சொல்லக் குவித்து வைத்துக்கொண்டு உள்ளே 'ஈ' சொல்லுங்கள், வந்துவிடும்.

கஷ்டம் எண்களில் இருக்கிறது. இங்கேதான் கூட்டாளி இல்லாமல் முடியாது. அறுபது வரை ஒழுங்காகப் போகும் பிரெஞ்சு எண்ணிக்கை, எழுபதில் கோணிக்கொள்கிறது. எழுபதுக்கு 'அறுபது-பத்து'. எண்பதுக்கு 'நாலு-இருபது'. தொண்ணூறுக்கு 'நாலு-இருபது-பத்து'. தொண்ணூற்று ஒன்பது என்றால் 'நாலு-இருபது-பத்து-ஒன்பது', 'காத்ர-வான்-தீஸ்-நஃப்'. கடை விலையோ ரூபாயில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 4,790 ரூபா என்று ஒரு மூச்சில் சொல்ல, மனதில் நாலாயிரம், எழுநூறு, நாலு-இருபது-பத்து என்று அடுக்கவேண்டும். இதைப் புத்தகத்தில் பார்த்துப் பழகமுடியாது. ஒருவர் விலையைச் சொல்ல, மற்றவர் கேட்டு எழுதவேண்டும். பிறகு மாற்றிச் செய்யவேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் பத்து விலை. ஆறு மாதத்துக்குப் பின் நான் கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவதை விட்டேன். என் வாயால் விலையைச் சொன்னதும் பேரம் பேசுபவரின் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும். வழிகாட்டிகளோடு எனக்கு மனஸ்தாபம் எதுவும் வரவில்லை. அவர்களுடைய பங்கு அவர்களுக்குப் போகிறது. ஆனால் எந்தத் தேயிலை என்று இப்போது நான்தான் சொல்கிறேன்.

பிரெஞ்சு என்றதும் பாரிஸும் உல்லாசப் பயணியும் மட்டும் நினைவுக்கு வரவேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதே ஆட்சியின் கீழிருந்த சைகோன் நகரத்துக்குப் போய்த் தொழில் செய்தார்கள். அங்கே இந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுவில் இருக்கிறது. நம் காலத்திலேயே, 1998இல் மடகஸ்காரின் இலகாகாவில் நீலக்கல் கிடைத்தபோது முந்திப் போன கொள்வனவாளர்களில் இலங்கையர்கள் முக்கியமானவர்கள். பேருவளை மாணிக்க வியாபாரிகளுக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும். மடகஸ்காரில் மலகாசியோடு பிரெஞ்சும் அரச மொழி. அங்கே போய் வந்த ஒருவர் உங்கள் உறவில் இருந்தால், அவரே உங்களுக்கு முதல் கூட்டாளி. இலக்கணம் எப்படி இருந்தாலும் விலை பேசும் பிரெஞ்சு அவரிடம் சுத்தமாக இருக்கும். செனகல், மாலி, ஐவரி கோஸ்ட் பக்கம் ஏற்றுமதி பற்றி யோசிப்பவர்களுக்கும் கடிதத்தில் எழுதுவது பிரெஞ்சுதான்.

கைத்தொலைபேசியில் மொழிக் கூட்டாளி தேடித்தரும் செயலிகளும் இருக்கின்றன. ஹலோடோக், டாண்டம் போன்றவை. நான் பார்த்த அளவில் பத்துப் பேரில் ஒருவர் ஒழுங்காக நிலைப்பார். மற்றவர்கள் இரண்டு நாள் சுகம் விசாரித்துவிட்டுக் காணாமல் போவார்கள். பணம் கேட்பவர், முதலீடு பற்றிப் பேசுபவர் வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். பிள்ளைகள் பயன்படுத்துவதாக இருந்தால் பெரியவர்களின் கண் அதில் இருக்கவேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் கூட்டாளியே பொருத்தம். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், முகம் தெரியாத நூறு பேருக்குச் சமம்.

பிள்ளைகளை இதில் இறக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிரெஞ்சு நம் நாட்டில் சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் உள்ள பாடம். களனிப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். பிரான்ஸ் கல்வி அமைச்சின் 'டெல்ஃப்' பரீட்சையில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படி. ஒவ்வொன்றிலும் நூறு புள்ளியில் ஐம்பது எடுத்தால் சித்தி. ஆனால் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதியில் எதிலும் இருபத்தைந்துக்கு ஐந்துக்குக் கீழே போனால் மொத்தமும் போய்விடும். எழுத்தில் கெட்டிக்காரப் பிள்ளை பேச்சில் சறுக்கக்கூடிய இடம் இது. பிரான்ஸில் உள்ள நம் உறவினருக்கும் இது தலைக்கு மேல் வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் அங்கே பிரகடனப்படுத்தப்பட்ட சட்டத்தின்படி 2026 ஜனவரி முதல் பத்து வருட வதிவிட அட்டையை முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு பி1, பிரஜாவுரிமைக்கு பி2 என்று மொழித் தகைமை உயர்த்தப்பட்டது. கடைகளில் தமிழிலேயே வேலை செய்து காலம் கழித்த பெரியவர்கள் பலருக்கு இப்போது சொந்தப் பிள்ளையே பேச்சுக் கூட்டாளி.

அட்டைப்பெட்டிக்காரரின் மருமகன் சென்ற ஆகஸ்டில் தாயோடு வந்திருந்தான். ஹட்டனில் என் கடைக்கு வந்து அரை நாள் நின்றான். வந்த இரண்டு பிரெஞ்சுக் குடும்பங்களோடு என்னைப் பேசவிட்டு, தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு குடும்பம் அல்ஜீரியப் பூர்வீகம் கொண்டது. ஸலாம் சொன்னதோடு பேச்சு அரபியும் பிரெஞ்சுமாக நீண்டு, ஹலால் சாப்பாட்டுக் கடை எது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். மாலையில் பையன் மஸ்கெலியாவுக்குப் புறப்பட்டான். அம்மாயி வீட்டில் பத்து நாள் இருந்தானாம். போன ஞாயிறு தமிழ் இருபது நிமிடத்தில் அவன் பேசியதெல்லாம் கொழுந்துக் கூடையும் அட்டைக் கடியும்தான். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்ததாகவும், அம்மாயி சிரித்ததாகவும் சொன்னான்.

மலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை. பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு நத்தாருக்கு இரண்டு வாரம், பெப்ரவரியில் இரண்டு வாரம், ஏப்ரல் பக்கம் இரண்டு வாரம், பிறகு ஜூலை ஆகஸ்ட் முழுவதும் விடுமுறை. இவற்றுக்கு இடையில் கடை தூங்கும் வாரங்கள்தான் கூட்டாளியைத் தேட நேரம். 'போன்ஜூர்', எண்கள், பத்துச் சரக்கின் பெயர், 'செ பியோ'வுக்குப் பதில், இவ்வளவுக்கு ஞாயிறு நாற்பது நிமிடம் என்றால் ஆறு மாதம் ஆகும். அடுத்த பருவத்துக்கு எத்தனை ஞாயிறு இருக்கிறது என்று காலண்டரில் எண்ணிப் பாருங்கள்.